நிலையான கார்பீன்: ஆறே எலக்ட்ரானுடன் ஒரு கார்பன் எப்படித் தாக்குப்பிடிக்கிறது?

1991-ல் அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில், டூபாண்ட் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில், அந்தோணி ஆர்டுவெங்கோவும் சகாக்களும் நிறமற்ற படிகங்கள் சிலவற்றைப் பிரித்தெடுத்தார்கள். காற்றும் ஈரமும் படாமல் வைத்திருந்தால் அவை அறை வெப்பநிலையில் அப்படியே இருந்தன. சூடாக்கியபோது 240 டிகிரி செல்சியஸில் உருகின; அப்போதும் சிதையவில்லை. ஒரு திண்மம் உருகியதில் என்ன வியப்பு என்று தோன்றலாம். அந்தப் படிகம் ஒரு கார்பீன் என்பதுதான் வியப்பு. அதுவரை கார்பீன் என்றால், வினை நடக்கும்போது கணநேரம் தோன்றி, கையில் சிக்காமல் மறைந்துவிடும் இடைநிலைப் பொருள் என்றுதான் மாணவர்கள் படித்துவந்தார்கள்.

கார்பீன் ஏன் நிற்காது என்று நினைத்தார்கள், எதனால் நின்றது, நின்றதால் கரிம உலோக வேதியியலுக்கு என்ன கிடைத்தது என்பதை இங்கே அடியிலிருந்து பார்ப்போம். பிளஸ் டூ வேதியியல் ஓரளவு நினைவிருந்தால் போதும்.

எலக்ட்ரான் கணக்கு

கார்பன் அணுவின் வெளிக்கூட்டில் நான்கு எலக்ட்ரான்கள். நான்கு பிணைப்புகளை உண்டாக்கிக்கொண்டால் சுற்றிலும் எட்டு ஆகிவிடும். மீத்தேன் தொடங்கி நமக்குத் தெரிந்த பெரும்பாலான கரிமச் சேர்மங்களில் இதுதான் நிலைமை. கார்பீனில் கார்பன் இரண்டே அணுக்களோடு பிணைந்திருக்கும். இரண்டு பிணைப்புகளில் நான்கு எலக்ட்ரான்கள். எந்தப் பிணைப்பிலும் சேராமல் இன்னும் இரண்டு. ஆக மொத்தம் ஆறு. கார்போ நேரயனிக்கும் ஆறுதான், ஆனால் அதற்கு மூன்று பிணைப்புகளும் ஒரு நேர்மின்சுமையும் உண்டு. கார்பீனுக்கு மின்சுமையே கிடையாது.

மிக எளிய கார்பீன் மெத்திலீன்: ஒரு கார்பன், இரண்டு ஹைட்ரஜன். பிணைப்பில் சேராத அந்த இரண்டு எலக்ட்ரான்கள் எங்கே உட்காரும் என்பதில்தான் முழு விஷயமும் இருக்கிறது. அவற்றுக்கு இரண்டு ஆர்பிட்டால்கள் காலியாக உள்ளன. ஒன்று மூலக்கூறின் தளத்திலேயே வெளிப்பக்கம் பார்த்து நிற்பது. மற்றது தளத்துக்குச் செங்குத்தாக, மேலும் கீழுமாக நிற்கும் பி ஆர்பிட்டால். இரண்டு எலக்ட்ரான்களும் முதல் ஆர்பிட்டாலில் ஜோடியாகச் சேர்ந்தால் அது சிங்லெட் நிலை. ஆளுக்கொன்றில் தனித்தனியாக, ஒரே திசைச் சுழற்சியோடு இருந்தால் ட்ரிப்லெட் நிலை. மெத்திலீனுக்குப் பிடித்தது ட்ரிப்லெட். அதன் சிங்லெட் நிலை மோலுக்குச் சுமார் 9 கிலோகலோரி மேலே இருக்கிறது.

எந்த நிலையில் இருந்தாலும் மெத்திலீன் சும்மா இருக்காது. ட்ரிப்லெட்டில் ஒரே கார்பனில் ஜோடியில்லாத எலக்ட்ரான் இரண்டு இருப்பதால், அது தனி உறுப்பு போல நடந்துகொள்ளும். சிங்லெட்டில் நிலைமை விசித்திரமானது. கொடுக்க ஒரு ஜோடி எலக்ட்ரான், வாங்க ஒரு காலி ஆர்பிட்டால், இரண்டும் ஒரே அணுவில். லூயிஸ் காரமும் அதுவே, லூயிஸ் அமிலமும் அதுவே. அருகில் இரட்டைப் பிணைப்பு இருந்தால் அதோடு சேர்ந்து மூன்று கார்பன் வளையமாகும். எதுவும் கிடைக்காவிட்டால் இன்னொரு கார்பீனோடு சேர்ந்து ஆல்க்கீனாகிவிடும். 1954-ல் டோரிங், ஹாஃப்மன் இருவரும் டைகுளோரோகார்பீனை உருவாக்கி ஆல்க்கீனோடு சேர்த்துக் காட்டிய பிறகு, கரிமத் தொகுப்பில் கார்பீன் ஒரு நல்ல கருவியாயிற்று. ஆனாலும் உண்டான இடத்திலேயே அதைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

பெர்லினில் ஒரு சரியான யோசனை

கார்பீனுக்குப் பக்கத்தில் நைட்ரஜனை வைத்தால் என்ன? இந்தக் கேள்விக்கு இரண்டு பேர் இரண்டு வழியில் வந்தார்கள். அமெரிக்காவில் ரொனால்ட் பிரெஸ்லோ 1958-ல், வைட்டமின் பி1 நம் செல்களுக்குள் எப்படி வேலை செய்கிறது என்பதை விளக்கினார். அந்த வைட்டமினில் தயசோலியம் என்ற வளையம் உண்டு. அதில் நைட்ரஜனுக்கும் கந்தகத்துக்கும் நடுவே இருக்கும் கார்பன் தன் ஹைட்ரஜனை இழந்து, கார்பீன் போலச் செயல்படுகிறது என்பது அவர் கருத்து. 

ஜெர்மனியின் பெர்லினில் ஹன்ஸ் வெர்னர் வான்ஸ்லிக் 1960-களின் தொடக்கத்திலேயே கார்பீன் கார்பனின் இருபுறமும் நைட்ரஜன் வைத்த வளையங்களை உருவாக்க முயன்றார். நைட்ரஜனிடம் தனித்த ஜோடி எலக்ட்ரான் இருக்கிறது. அது கார்பனின் காலி பி ஆர்பிட்டாலுக்குள் கொஞ்சம் பாய்ந்தால் கார்பீன் அடங்கும் என்பது அவர் கணக்கு. கணக்கு சரி. ஆனால் அவர் தேர்ந்தெடுத்த மூலச் சேர்மத்தைச் சூடாக்கி, குளோரோஃபார்மை வெளியேற்றிப் பார்த்தபோது, கையில் கிடைத்தது இரண்டு கார்பீன்கள் ஒட்டிக்கொண்ட இருபடி. அந்த இருபடி பிரிந்து கார்பீனாகி மீண்டும் சேர்ந்துகொண்டிருக்கிறது என்று அவர் வாதிட்டார். மற்றவர்கள் செய்து பார்த்த சோதனைகள் அதற்கு இடம் கொடுக்கவில்லை. பல ஆண்டுகள் கழித்து, வேறு சில சேர்மங்களில் அப்படியொரு சமநிலை உண்மையிலேயே இருப்பது தெரியவந்தது.

வான்ஸ்லிக் விடவில்லை. 1970-ல், ஃபீனைல் தொகுதிகள் நான்கு கொண்ட இமிடசோலியம் உப்பிலிருந்து, வலுவான காரத்தால் ஹைட்ரஜனைப் பிடுங்கிக் கரைசலில் கார்பீனை உண்டாக்கினார். அது உண்டானதற்குச் சான்று இருந்தது. தனியாகப் பிரித்தெடுக்க மட்டும் முடியவில்லை. அதே கார்பீனை, ஏறக்குறைய அதே வழியில், ஆர்டுவெங்கோ குழு 1998-ல் பிரித்தெடுத்துக் காட்டியது. அதாவது 1970-லேயே வாசல் வரைக்கும் வந்தாகிவிட்டது. வேதியியல் வரலாற்றில் என்னை மிகவும் உறுத்தும் இடங்களில் இது ஒன்று. வான்ஸ்லிக்கின் பெயர் இன்னும் உரக்கச் சொல்லப்பட வேண்டும்.

தனியாகப் பிரித்தெடுக்கப்பட்ட முதல் கார்பீன் வேறொரு வகையில் வந்தது. 1988-ல் பிரான்சின் துலூஸ் நகரில் கி பெர்ட்ராண்ட் குழு, ஒருபுறம் பாஸ்பரசும் மறுபுறம் சிலிக்கனும் கொண்ட கார்பீனை, சிவப்பு எண்ணெய் போன்ற திரவமாகத் தயாரித்தது. அதைக் கார்பீன் என்று சொல்லலாமா, கார்பனுக்கும் பாஸ்பரசுக்கும் இடையே மும்மைப் பிணைப்பு கொண்ட சேர்மம் என்று சொல்ல வேண்டுமா என்று பெரிய விவாதம் நடந்தது. அந்த விவாதத்துக்கு இடமே வைக்காமல் வந்தது ஆர்டுவெங்கோவின் படிகம்.

அந்தக் குடுவைக்குள் நடந்தது

செய்முறையைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். இமிடசோல் என்பது ஐந்து அணு வளையம்: மூன்று கார்பன், இரண்டு நைட்ரஜன். நைட்ரஜன் இரண்டிலும் அடமன்டைல் என்ற பருமனான கார்பன் கூண்டைப் பொருத்தினால் நேர்மின்சுமை கொண்ட இமிடசோலியம் உப்பு கிடைக்கும். அதன் குளோரைடை டெட்ராஹைட்ரோஃபியூரான் கரைப்பானில் போட்டு, ஈரமில்லாத சூழலில் சோடியம் ஹைட்ரைடு சேர்த்தார்கள்; வினையை ஓட்ட டைமெத்தில் சல்பாக்சைடு கொஞ்சம். இரண்டு நைட்ரஜன்களுக்கு நடுவே இருக்கும் கார்பனிலிருந்து ஹைட்ரஜன் அயனி பறிபோகிறது. ஹைட்ரஜன் வாயு குமிழியிட்டு வெளியேறுகிறது. சோடியம் குளோரைடு அடியில் தங்குகிறது. கரைசலில் மிஞ்சுவது கார்பீன். உப்பை வடிகட்டிவிட்டுக் கரைப்பானை நீக்கினால் படிகம்.

அது கார்பீன்தான் என்று எப்படித் தெரியும்? காந்தப்புலத்தில் வைத்து அணுக்களின் சூழலை அறியும் கார்பன் என்.எம்.ஆர். கருவியில், உப்பாக இருக்கும்போது 130 பி.பி.எம்.-ஐ ஒட்டித் தெரியும் அந்தக் கார்பனின் குறி, இப்போது 211 பி.பி.எம்.-க்குத் தாவியிருந்தது. எக்ஸ் கதிரில் பார்த்தபோது, நைட்ரஜன், கார்பன், நைட்ரஜன் மூன்றும் உண்டாக்கும் கோணம் சுமார் 102 டிகிரி. இமிடசோலியம் உப்பில் இது 108-ஐ ஒட்டி இருக்கும். ஜோடி எலக்ட்ரான் கார்பனுக்கு நெருக்கமாக, வெளிப்பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பதால் கோணம் குறுகியிருக்கிறது. சிங்லெட் கார்பீனுக்கு எதிர்பார்க்கும் அடையாளம் இதுவே.

எது தாங்குகிறது?

இப்போது உண்மையான கேள்வி. ஆர்டுவெங்கோவின் மூலக்கூறில் நான்கு விஷயங்கள் ஒன்றாகக் கூடியிருந்தன: பருமனான அடமன்டைல் கூண்டுகள், அரோமேட்டிக் தன்மை உள்ள வளையம், வளையம் என்ற அமைப்பு, இருபுறமும் நைட்ரஜன். இவற்றில் கார்பீனைத் தாங்குவது எது? அடுத்த பதினைந்து ஆண்டு ஆராய்ச்சியை, பந்தக்கால்களை ஒவ்வொன்றாக உருவிப் பார்த்த வேலை என்று சொல்லலாம்.

முதலில் பருமனை எடுத்தார்கள். கார்பீனைச் சுற்றி மதில் எழுப்பியதால்தான் அது பிழைத்தது என்று பலர் எண்ணினார்கள். 1992-ல் ஆர்டுவெங்கோவே அடமன்டைலுக்குப் பதில் மிகச் சிறிய மெத்தில் தொகுதிகளை வைத்துக் கார்பீன் தயாரித்தார். அதுவும் நின்றது. அடுத்து அரோமேட்டிக் தன்மை. 1995-ல், வளையத்தின் பின்பக்கத்து இரட்டைப் பிணைப்பை நீக்கிய கார்பீனையும் அவர் குழு பிரித்தெடுத்தது. நின்றது, ஆனால் இந்த வகையில் நைட்ரஜன் மேல் பருமனான தொகுதிகள் இல்லாவிட்டால் இருபடியாகும் ஆபத்து அதிகம். வான்ஸ்லிக்குக்கு நேர்ந்தது இதுதான். அவர் 1960-களில் கையாண்டது இந்த வகை வளையம். பிறகு வளையத்தையே எடுத்தார்கள். 1996-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ரோஜர் ஆல்டர், வளையமில்லாத, இருபுறமும் டைஐசோபுரொப்பைல் அமினோ தொகுதி கொண்ட கார்பீனைக் கொண்டுவந்தார். அதுவும் நின்றது.

மிஞ்சியது நைட்ரஜன். அது இரண்டு வேலைகளை ஒரே நேரத்தில் செய்கிறது. நைட்ரஜன் எலக்ட்ரானை ஈர்க்கும் குணம் உடையது என்பதால், பிணைப்பு வழியாகக் கார்பனிடமிருந்து கொஞ்சம் இழுத்துக்கொள்கிறது. இதனால் கார்பனின் ஜோடி எலக்ட்ரான் ஆற்றல் தாழ்ந்து அமைதியடைகிறது. அதேசமயம், தன் தனித்த ஜோடியைக் கார்பனின் காலி பி ஆர்பிட்டாலுக்குள் தள்ளி, அந்தக் காலியிடத்தைப் பாதி நிரப்பிவிடுகிறது. ஒருவழியில் வாங்குகிறது, இன்னொரு வழியில் கொடுக்கிறது. இதன் விளைவாக சிங்லெட் நிலை ட்ரிப்லெட்டைவிட வெகுவாகக் கீழே இறங்கிவிடுகிறது. மெத்திலீனில் தலைகீழாக இருந்த வரிசை இங்கே மாறிவிட்டது. பருமனும் வளையமும் உதவி செய்யும், அடித்தளம் நைட்ரஜனே. இந்த வகை வளையக் கார்பீன்களை வேதியியலாளர்கள் என்.எச்.சி. என்று சுருக்கமாக அழைக்கிறார்கள். நைட்ரஜன் உள்ள பல்லின வளையக் கார்பீன் என்று பொருள்.

நைட்ரஜனிலும் இரண்டு வேண்டுமா, ஒன்று போதுமா? பெர்ட்ராண்ட் 2005-ல் ஒன்று போதும் என்று காட்டினார். அப்போது அவர் கலிஃபோர்னியாவின் ரிவர்சைடில் இருந்தார். ஒருபுறம் நைட்ரஜன், மறுபுறம் சாதாரண கார்பன் கொண்ட இந்த வளையக் கார்பீன்களுக்கு சி.ஏ.ஏ.சி. என்று பெயர். ஒரு நைட்ரஜன் குறைந்ததால் கார்பனின் ஜோடி எலக்ட்ரான் ஆற்றலில் உயர்ந்து, காலி ஆர்பிட்டால் தாழ்ந்துவிடுகிறது. கொடுப்பதிலும் வாங்குவதிலும் என்.எச்.சி.-யைவிட இது வலிமையானது. 2007-ல் அதே குழு, உலோகமே இல்லாமல் ஒரு கார்பன் மையம் ஹைட்ரஜன் மூலக்கூறையும் அம்மோனியாவையும் பிளப்பதைக் காட்டியது. அதுவரை ஹைட்ரஜனைப் பிளப்பது பெரும்பாலும் உலோகங்களின் வேலை. என்.எச்.சி. இதைச் செய்யாது.

உலோகம் ஏன் விரும்புகிறது?

கார்பீனை உலோகத்தோடு கட்டும் வழக்கம் படிகக் கார்பீனுக்கு முந்தையது. 1964-ல் மியூனிக்கில் எர்ன்ஸ்ட் ஓட்டோ ஃபிஷர் டங்ஸ்டனோடு சேர்ந்த கார்பீனைத் தயாரித்தார். 1974-ல் ரிச்சர்ட் ஷ்ராக், டூபாண்டில் இருந்தபோது, டான்டலத்தோடு வேறு வகையில் பிணைந்த கார்பீனைக் கண்டார். ஃபிஷர் வகையில் கார்பன் எலக்ட்ரானைத் தேடும். ஷ்ராக் வகையில் கார்பன் எலக்ட்ரானைத் தரும். தொடக்கத்தில் இந்த அளவு வேறுபாடு தெரிந்தால் போதும். 1968-ல் வான்ஸ்லிக் பாதரசத்தோடும், கார்ல் ஓஃபெலே குரோமியத்தோடும் என்.எச்.சி. சேர்ந்த அணைவுச் சேர்மங்களைத் தனித்தனியே தயாரித்தார்கள். தனிக் கார்பீனைக் கையில் எடுக்க முடியாத காலத்திலேயே உலோகத்தின்மேல் அதை உட்கார வைத்துவிட்டார்கள். ஆனால் அது வினையூக்கியாக உதவும் என்று அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1995-ல் மியூனிக்கில் வொல்ஃப்காங் ஹெர்மான், பல்லேடியம் என்.எச்.சி. சேர்மங்களை, கார்பனோடு கார்பனை இணைக்கும் ஹெக் வினைக்குப் பயன்படுத்தியதோடு ஓட்டம் தொடங்கியது.

அதற்கு முன் உலோக வினையூக்கிகளில் ராஜாவாக இருந்த ஈனி, அதாவது உலோகத்தோடு கட்டப்படும் மூலக்கூறு, பாஸ்பரஸ் சேர்மமான பாஸ்பீன். இரண்டையும் ஒப்பிட்டால் காரணம் புரியும். பாஸ்பீன் உலோகத்துக்கு எலக்ட்ரான் ஜோடியைக் கொடுத்தாலும், அவ்வப்போது கழன்றுகொள்ளும். கழன்றது ஆக்சிஜனோடு சேர்ந்து பாஸ்பீன் ஆக்சைடாகி வீணாகும். அதனால் செயல்பாட்டைக் காக்கப் பாஸ்பீனைக் கூடுதலாகப் போடுவார்கள். என்.எச்.சி. இன்னும் தாராளமாக எலக்ட்ரான் கொடுப்பதால் பிணைப்பு உறுதியானது, எளிதில் கழலாது. வடிவமும் வேறு. பாஸ்பீனில் தொகுதிகள் உலோகத்தைவிட்டு விலகிக் கூம்பு போல விரியும். என்.எச்.சி.-யில் நைட்ரஜன் மேல் உள்ள தொகுதிகள் உலோகத்தை நோக்கி வளைந்து, இருபக்கமும் காவலாக நிற்கும். அந்தத் தொகுதிகளை மாற்றினால் உலோகத்தைச் சுற்றியுள்ள இடத்தை விரும்பியபடி அமைக்கலாம்.

இதன் பலன் பளிச்சென்று தெரிந்தது ஒலிஃபின் மெட்டாதிசிஸில். இரண்டு ஆல்க்கீன்களின் இரட்டைப் பிணைப்புகளை வெட்டி, முனைகளை மாற்றி ஒட்டும் வினை இது. உலோகக் கார்பீன் ஒன்று இந்த மாற்றலை நடத்துகிறது என்ற வழிமுறையை இவ் ஷொவான் 1971-ல் முன்வைத்தார். ராபர்ட் கிரப்ஸின் முதல் தலைமுறை ருத்தேனியம் வினையூக்கியில் பாஸ்பீன் இரண்டு. 1999-ல், ஹெர்மான், நோலன், கிரப்ஸ் ஆகியோரின் குழுக்கள் ஏறத்தாழ ஒரே காலத்தில், அதில் ஒரு பாஸ்பீனை எடுத்துவிட்டு என்.எச்.சி.-யை வைத்தன. வேகம் பன்மடங்கு கூடியது. ஷொவான், கிரப்ஸ், ஷ்ராக் மூவருக்கும் 2005-ல் நோபல் பரிசு கிடைத்தது.

புதிதாகப் படிப்பவர்கள் இங்கே குழம்புவதுண்டு. கிரப்ஸின் இரண்டாம் தலைமுறை வினையூக்கியில் ஒரே ருத்தேனியத்தின் மீது இரண்டு கார்பீன்கள் இருக்கின்றன. ஒன்று வினையில் பங்கெடுத்து ஒவ்வொரு சுற்றிலும் மாறிக்கொண்டே போகும். மற்றது என்.எச்.சி.; வினையில் கைவைக்காது, உலோகத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே இருக்கும். பெயர் ஒன்று, வேலை வேறு.

வேகம் ஏன் கூடியது என்பதிலும் ஒரு பாடம் இருக்கிறது. வினை தொடங்க மிச்சமிருக்கும் பாஸ்பீன் கழல வேண்டும். என்.எச்.சி. எலக்ட்ரானை வாரிக் கொடுப்பதால் எதிர்ப்பக்கத்துப் பாஸ்பீன் சீக்கிரம் கழன்றுவிடும் என்று எல்லோரும் நினைத்தார்கள். 2001-ல் மெலனி சான்ஃபோர்டும் கிரப்ஸும் அளந்து பார்த்தபோது, கழலும் வேகம் ஏறத்தாழ நூறு மடங்கு குறைந்திருந்தது. அப்படியானால் வேகம் எங்கிருந்து வந்தது? பாஸ்பீன் கழன்ற பிறகு, முதல் தலைமுறையில் உலோகம் மீண்டும் பாஸ்பீனையே பிடித்துக்கொண்டு நேரத்தை வீணடித்தது. இரண்டாம் தலைமுறையில் அது ஆல்க்கீனைத் தேர்ந்தெடுக்கும் சாய்வு பல ஆயிரம் மடங்கு கூடியிருந்தது. ஒருமுறை தொடங்கினால் பல சுற்று ஓடும். தர்க்கப்படி சரியாகத் தோன்றும் விளக்கத்தையும் அளந்து பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணத்தை நான் வகுப்பில் சொன்னதில்லை.

ஆய்வகத்தில் எப்படிக் கையாளுகிறார்கள்?

நிலையானது என்றால் மேசைமேல் திறந்து வைக்கலாம் என்று பொருளல்ல. தனிக் கார்பீனை நைட்ரஜன் அல்லது ஆர்கான் நிரம்பிய, கையுறை பொருத்திய மூடிய பெட்டியான கிளவ்பாக்ஸுக்குள்தான் எடைபோடுவார்கள். ஈரம் பட்டால் வளையம் மெல்ல உடையும். கார்பன் டை ஆக்சைடு பட்டால் அதைப் பிடித்துக்கொள்ளும். அதனால் பலர் இமிடசோலியம் உப்பாகவே அலமாரியில் வைத்திருந்து, தேவைப்படும்போது காரம் சேர்த்துக் கொள்கிறார்கள். இன்னும் எளிய வழி 1998-ல் வந்தது: உப்போடு வெள்ளி ஆக்சைடைக் கலக்கினால் வெள்ளியின் என்.எச்.சி. சேர்மம் உண்டாகும், அதிலிருந்து கார்பீனைத் தங்கத்துக்கோ பல்லேடியத்துக்கோ மாற்றிக்கொள்ளலாம். தனிக் கார்பீனைக் கண்ணால் பார்க்காமலேயே வேலை முடியும். காபியில் இருக்கும் காஃபீனிலும் இமிடசோல் வளையம் உண்டு என்பதால், அதில் ஒரு மெத்தில் சேர்த்து வெள்ளியின் கார்பீன் சேர்மங்களை உருவாக்கி, கிருமிகளுக்கு எதிராகச் சோதித்திருக்கிறார்கள்.

வினையூக்கத்துக்கு வெளியேயும் கார்பீன் பரவிவிட்டது. 2014-ல் கனடாவின் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் கேத்லீன் கிரட்டன் குழு, தங்கத்தின் மேற்பரப்பில் என்.எச்.சி. மூலக்கூறுகளை ஒற்றை அடுக்காகப் பதித்தது. அதுவரை அந்த வேலைக்குக் கந்தகம் உள்ள தயால்களையே நம்பியிருந்தார்கள். கார்பீன் அடுக்கு கொதிநீரையும் அமிலத்தையும் காரத்தையும் தாங்கியது. ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் கென்னத் வார்ன்மார்க் குழு, இரும்பைச் சுற்றி என்.எச்.சி.-க்களை வைத்து, ஒளியை உறிஞ்சிய நிலையில் நானோ நொடி அளவுக்கு நிலைக்கும் சேர்மத்தை 2019-ல் காட்டியது. சாதாரண ஈனிகளோடு இரும்பு அந்த ஆற்றலை உடனே விட்டுவிடும். அதனால்தான் ஒளியை உறிஞ்சிப் பயன்படுத்தும் சேர்மங்களுக்கு அரிய உலோகமான ருத்தேனியத்தை நம்பவேண்டியிருந்தது. எனக்கு மிகவும் நம்பிக்கை தரும் திசை இது. இரும்பு மலிவு, எங்கும் கிடைப்பது.

மீதி இருந்தது தண்ணீர். நம் செல்கள் முழுக்கத் தண்ணீர். அதற்குள் வைட்டமின் பி1 கார்பீனாகிறது என்றால் தண்ணீர் அதை விட்டுவைக்குமா என்பது பிரெஸ்லோவின் கருத்தைச் சுற்றி நெடுநாள் இருந்த ஐயம். 2025-ல் ரிவர்சைடில் வின்சென்ட் லவாலோவின் குழு, கார்பன், போரான் அணுக்களால் ஆன பெரிய கூண்டுகளால் சூழப்பட்ட கார்பீன் ஒன்றைத் தண்ணீரிலேயே உண்டாக்கி, தனியாகப் பிரித்து, மாதக்கணக்கில் நிலைத்திருப்பதைக் காட்டியது. 2005-ல் சி.ஏ.ஏ.சி. பற்றிய பெர்ட்ராண்ட் குழுவின் ஆய்வுக் கட்டுரையில் முதல் பெயர் இந்த லவாலோதான். நச்சுத்தன்மையுள்ள கரிமக் கரைப்பான்களுக்குப் பதில் தண்ணீரிலேயே கார்பீன் வினையூக்கிகளை ஓட்டலாமா என்ற கேள்வி இப்போது எழுந்திருக்கிறது.